கிளி எதற்குச் சிறகு தட்டுகிறது?

அக்கா மகள் மூன்றாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். தினமும் காலையில் அரை மணி நேரம் டேப்லெட்டில் கணக்கு ஆப் போட வேண்டும் என்பது அவள் அம்மாவின் உத்தரவு. அந்த ஆப்பில் ஒரு பச்சைக் கிளி உண்டு. கணக்கை வாசிக்கும், நான்கு விடைகளைக் காட்டும், சரியானதைத் தொட்டால் சிறகு இரண்டையும் தட்டி, "சூப்பர்! நீ ஒரு ஜீனியஸ்!" என்று கத்தும். நட்சத்திரம் கொட்டும்.

அடுக்களையிலிருந்து கேட்டால் கூடத்தில் ஒரு ராமானுஜன் தயாராகிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 52 கழித்தல் 27. அவள் கணக்கைப் பார்க்கக்கூட இல்லை. முதல் விடையைத் தொட்டாள், சிவப்பு. கிளி உதட்டைப் பிதுக்கியது (கிளிக்கு ஏது உதடு என்று கேட்காதீர்கள், அதற்கு இருந்தது). இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை. "சூப்பர்! நீ ஒரு ஜீனியஸ்!"

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"ஒண்ணொண்ணா அமுக்கினா வந்துடும் சித்தி. கிளி கோச்சுக்காது."

கிளி கோபித்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கிளி பாராட்டும் என்றும் தெரிந்திருக்கிறது. கிளிக்கு எதுவுமே தெரியாது என்பதும் தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்கான கல்வி ஆப்புகளில் 'உணர்வுப் பின்னூட்டம்' என்று ஒன்றைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எப்போது உதவுகிறது, எப்போது கெடுக்கிறது என்பதை முன்பின் பழக்கமில்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். இந்த மாதிரி ஆப்புகள் பேசும் வரிகளைத் தமிழாக்கும் வேலையைக் கொஞ்ச காலம் செய்தவள் என்பதால் கிளியின் வாய்க்குள் கொஞ்சம் போய்வந்த பழக்கமும் உண்டு.

முதலில் பெயர்கள். திரையிலோ பொம்மை ரோபோவாகவோ வந்து பாடம் சொல்லித்தரும் உருவத்தை மெய்நிகர் ஆசிரியர் என்கிறோம். கிளி, ஆந்தை, கண்ணாடி போட்ட அக்கா, இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவு, எல்லாம் இதில் அடங்கும். குழந்தை ஒன்றைச் செய்ததும் அதற்குத் திரும்பி வரும் பதில்தான் பின்னூட்டம். "விடை தவறு" என்பது வெறும் தகவல். "பரவாயில்லை, கிட்ட வந்துட்டே, பத்தாம் இடத்தை இன்னொரு தடவை பாரு" என்று முகமும் குரலும் சேர்த்துச் சொன்னால் அது உணர்வுப் பின்னூட்டம். தகவலோடு ஒரு மனநிலையும் சேர்ந்து வருகிறது. நம் ஆசிரியர்கள் காலகாலமாகச் செய்ததுதான். சிவப்பு மையில் 'வெரி குட்' எழுதியதும், புறங்கையில் பேனாவால் ஸ்டார் போட்டதும், அந்தக் கையைக் கழுவாமலே வீடு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததும் நம்மில் பலருக்கு மறந்திருக்காது.

அந்த ஸ்டாரைப் போட்டது ஒரு மனிதர். வரைந்த கிளி பாராட்டினால் குழந்தைக்கு ஏன் உறைக்கிறது?

இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1990களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளிஃபோர்ட் நாஸ், பைரன் ரீவ்ஸ் என்ற இருவரும் அவர்களோடு இருந்தவர்களும் மனிதர்கள் கணினியிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு சோதனையில் ஒரு கணினி ஆட்களுக்குப் பாடம் நடத்தியது. பிறகு, "இந்தக் கணினி எப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று மதிப்பிடச் சொன்னார்கள். அதே கணினியிலேயே கேள்வி வந்தபோது ஆட்கள் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தார்கள். வேறொரு கணினியில் கேட்டபோது உண்மை கொஞ்சம் வெளியே வந்தது. முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாதென்ற நாகரிகம், முகமே இல்லாத பெட்டியிடமும்! அவர்கள் வளர்ந்தவர்கள், கணினிக்கு மனசு கிடையாது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களே அப்படியென்றால், சிறகடிக்கும் கிளி முன்னால் எட்டு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்.

1997இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லெஸ்டரும் குழுவினரும் ஹெர்மன் என்ற பூச்சியை உருவாக்கினார்கள். வேற்றுக் கிரகச் சூழலில் பிழைக்கக்கூடிய செடியைப் பிள்ளைகள் வடிவமைக்க வேண்டும். வேர் எப்படி, தண்டு எப்படி, இலை எப்படி என்று தேர்வு செய்யும்போது ஹெர்மன் பறந்து பறந்து வழி சொல்லும். நூறு நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஹெர்மனின் பேச்சைக் குறைத்து, கூட்டி என்று பல வடிவங்கள். வாயைத் திறக்காத ஹெர்மனைக்கூடப் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. உருவம் ஒன்று இருந்தாலே கற்கும் அனுபவத்தைப் பற்றிய எண்ணம் நன்றாகிவிடுகிறது என்று எழுதினார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 'பிடித்திருந்தது' வேறு, 'கற்றுக்கொண்டது' வேறு. பின்னால் வந்த குழப்பங்களில் பாதி, முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்றதால் வந்தவை. ஆப் கடையில் ஐந்து நட்சத்திரம் போடும் பெற்றோரும் (நானும் போட்டிருக்கிறேன்) குழந்தை சிரித்ததைப் பார்த்துத்தான் போடுகிறோம்.

குழந்தையின் மனநிலை ஆப்புக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டுக் கிளிக்குத் தெரியவே தெரியாது. சரி என்றால் ஒரு அசைவு, தப்பு என்றால் ஒரு அசைவு, அவ்வளவுதான் அதன் மூளை. கொஞ்சம் தேறியவை குழந்தையின் கைவேலையைக் கவனிக்கும். கேள்வி வந்து இரண்டு நொடிக்குள் விடை தொட்டால் படிக்கவில்லை என்று பொருள். ஒரே கணக்கில் நீண்ட நேரம் நின்றால் ஒன்று யோசிக்கிறது, இல்லை எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது. குறிப்பு கேட்கும் பொத்தானைத் தொடர்ந்து அமுக்கினால் விடையைப் பிடுங்கப் பார்க்கிறது. இவற்றைக் கூட்டிக் கழித்து ஊகிக்கும்.

இன்னொரு வகை கேமராவைத் திறந்து முகத்தைப் பார்க்கிறது. எம்ஐடியில் ரோசலிண்ட் பிகார்ட் 1990களின் நடுவில் தொடங்கிய துறை இது. கணினிக்கு உணர்வை அறியவும் அதற்கேற்ப நடக்கவும் கற்றுக்கொடுப்பது. கேமரா மட்டுமில்லை. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கிரேசர், சிட்னி டிமெல்லோ குழுவினர் செய்த ஆட்டோடியூட்டர் என்ற பாடம் சொல்லித்தரும் மென்பொருளுக்கு நாற்காலியிலேயே அழுத்தம் அறியும் கருவி வைத்தார்கள். மாணவர் முன்னால் சாய்கிறாரா, பின்னால் சரிகிறாரா, நெளிகிறாரா என்று அது பார்க்கும். நம் ஊர் வாத்தியார் கடைசி பெஞ்சைப் பார்த்தே சொல்லிவிடுவார், அது வேறு விஷயம்.

முகத்தை வைத்து மனதைச் சொல்வதில் பெரிய சிக்கல் உண்டு. லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2019இல் வெளியிட்டார். கோபம் வந்தால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பதில்லை, முகத்தைச் சுளிப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் இருப்பதில்லை. முகத்தை மட்டும் வைத்து உணர்வை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். எங்கள் வீட்டுப் பெண் யோசிக்கும்போது புருவத்தை நெரித்து, நாக்கைக் கடைவாயில் செருகிக்கொள்வாள். தெரியாதவர்கள் பார்த்தால் அழப்போகிறாள் என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு கிளி குறுக்கே வந்து, "கவலைப்படாதே, நான் இருக்கிறேன்!" என்றால் அவள் பிடித்துவைத்திருந்த நூல் அறுந்துபோகும்.

இன்னும் ஒரு எளிய வழி, கேட்டுவிடுவது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐவன் அரோயோ, பெவர்லி வுல்ஃப் குழுவினர் கணக்குப் பாடத்துக்கு ஜேன், ஜேக் என்று இரண்டு தோழமை உருவங்களை வைத்தார்கள். இந்த ஆப் சில நிமிடத்துக்கு ஒரு தடவை, "இப்போ எப்படி இருக்கு? எரிச்சலா? தைரியமா?" என்று மாணவரையே கேட்கும். ஜேனும் ஜேக்கும் அந்த முகபாவத்தைத் தாங்களும் காட்டி, முயற்சியைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது உதவியது, அவர்களின் எரிச்சல் குறைந்தது, தன்னம்பிக்கை கூடியது. ஏற்கெனவே நன்றாகக் கணக்குப் போடும் பையன்களுக்குப் பெரிதாகப் பலன் இல்லை. எல்லோருக்கும் ஒரே ஆறுதல் ஒத்துவராது என்பதற்கு இதுவே போதும்.

சரி, என்ன சொல்ல வேண்டும்? என் அனுபவத்தில் எல்லா ஆப்புகளும் சறுக்கும் இடம் இதுதான்.

'நீ ஒரு ஜீனியஸ்' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் கிளாடியா மியூலர், கரோல் ட்வெக் என்ற இருவர் அமெரிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வடிவப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் ஒரு சாராரிடம் "நீ ரொம்ப புத்திசாலி" என்றார்கள். இன்னொரு சாராரிடம் "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு வரி. அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்கும் அடுத்து முதலில் கொடுத்த அளவிலேயே எளிய புதிர்கள். உழைப்புக்குப் பாராட்டப்பட்டவர்கள் முதல் தடவையைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முதல் தடவையைவிட மோசமாகச் செய்தார்கள். மதிப்பெண்ணை எழுதிக் கொடு என்றபோது அந்தப் புத்திசாலிகளில் பத்துக்கு நாலு பேர் அளவுக்குக் கூட்டி எழுதினார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

இந்த ஆய்வைக் காட்டி, "முயற்சியைப் பாராட்டு" என்று சுவரொட்டி ஒட்டும் அளவுக்கு உலகம் போனது. பிறகு பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில், திறமை உழைப்பால் வளரும் என்று பிள்ளைகளை நம்பவைக்கும் மனப்பாங்குப் பயிற்சிகளின் சராசரி விளைவு சின்னதாகவே வந்தது. ஆகவே மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் பாராட்டு எதைச் சுட்டுகிறது என்பது முக்கியம் என்ற இடம் மட்டும் நிற்கிறது. பின்னூட்டம் பற்றிய நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளை அவ்ராஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டினிசி என்ற இருவர் 1996இல் தொகுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் போகப் போக, பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

இதை 52 கழித்தல் 27இல் வைத்துப் பார்ப்போம். இந்தக் கணக்குக்குப் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் தப்பு விடை 35. ஏன் 35? ஒன்றாம் இடத்தில் 2லிருந்து 7 போகாது. கடன் வாங்க வேண்டும். அது பிடிபடாத பிள்ளை பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடும். 7லிருந்து 2 போனால் 5. 5லிருந்து 2 போனால் 3. ஆக 35. இது கவனக்குறைவு இல்லை, குருட்டாம்போக்கும் இல்லை. பிள்ளை தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது, அந்த விதி தப்பு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதே தப்பைச் செய்கிறார்கள், ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இப்போது 35 என்று தொட்ட பிள்ளையிடம் ஒரு கிளி, "அச்சச்சோ! மறுபடி முயற்சி செய்!" என்கிறது. இனிமையான குரல்தான். ஆனால் பிள்ளை அதே விதியை மறுபடி போட்டால் அதே 35 வரும். இன்னொரு கிளி, "பரவாயில்லை, நீ கெட்டிக்காரி, உன்னால் முடியும்!" என்கிறது. கெட்டிக்காரிக்கு ஏன் வரவில்லை என்று அது யோசிக்கத் தொடங்கும். மூன்றாவது கிளி, "35ஆ? எப்படி வந்ததுன்னு எனக்குப் புரியுது. 7லேர்ந்து 2ஐக் கழிச்சிருக்கே. ஆனா மேலே இருக்கிறது 2 இல்லையா? கையில ரெண்டு மிட்டாய்தான் இருக்கு, ஏழு கேட்டா என்ன பண்ணுவே?" என்கிறது. இதிலும் பாராட்டு இருக்கிறது. பிள்ளையின் யோசனைக்கு மரியாதை கொடுத்ததே பாராட்டு. ஆனால் அந்த மரியாதையைக் கொடுக்க 35 எங்கிருந்து வந்ததென்று கிளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் தெரியாத கிளியால் உணர்வுப் பின்னூட்டம் கொடுக்க முடியாது. உணர்வை மட்டும் கொட்டத்தான் முடியும்.

குழப்பம் என்ற உணர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோராகிய நமக்கும் ஆப் செய்பவர்களுக்கும் குழந்தை குழம்பி நிற்பதைப் பார்த்தால் பொறுக்காது, ஓடிப்போய்த் தீர்த்துவைக்கத் தோன்றும். டிமெல்லோவும் கிரேசரும் மற்றவர்களும் செய்த சோதனை இதற்கு நேர் எதிர். திரையில் இரண்டு உருவங்கள். ஒன்று ஆசிரியர், இன்னொன்று சக மாணவர். இரண்டும் வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும். நிஜ மாணவர் நடுவில் திகைத்து நிற்பார். 2014இல் வெளியான முடிவு என்னவென்றால், அப்படிக் குழம்பியவர்கள், கற்றதைப் புது இடத்தில் பொருத்திப் பார்க்கும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. தீராத குழப்பம் எரிச்சலாகவும், எரிச்சல் சலிப்பாகவும் இறங்கிவிடும் என்றும் இவர்களேதான் சொல்கிறார்கள். ஆனாலும் புருவம் நெரிந்த அந்தச் சில நிமிடம் கெட்ட நேரமில்லை. அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் கிளிதான் நல்ல கிளி.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய உணர்வு சலிப்பு. ரயன் பேக்கரும் குழுவினரும் மூன்று வெவ்வேறு மென்பொருள்களில் படித்த மாணவர்களைக் கவனித்து 2010இல் எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் மாணவர்களும் அதில் உண்டு. சலித்துப்போன மாணவர் அவ்வளவு லேசில் அதிலிருந்து வெளியே வருவதில்லை. சலிப்பு வந்தபின் அடுத்து நடப்பது, மென்பொருளை ஏய்ப்பது. எரிச்சல்கூட இந்த அளவு மோசமில்லை என்று கண்டார்கள். ஏய்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒண்ணொண்ணா அமுக்கினா வந்துடும் சித்தி.

இதற்கும் பேக்கர் ஒரு மருந்து செய்து பார்த்திருக்கிறார். ஸ்கூட்டர் என்ற நாய்க்குட்டி. மாணவர் ஒழுங்காகப் படித்தால் ஸ்கூட்டர் சந்தோஷமாக இருக்கும். ஏய்க்கத் தொடங்கினால் முகம் கறுக்கும், முறைக்கும். அதற்கும் மசியவில்லையென்றால், ஏய்த்துத் தாண்டிய அதே இடத்திலிருந்து கூடுதல் பயிற்சிகளை நீட்டும். ஏய்ப்பு குறைந்தது. கூடுதல் பயிற்சிகளை நிறையப் பெற்றவர்கள் நன்றாகக் கற்றார்கள். கவனியுங்கள், கற்றலோடு சேர்ந்து வந்தது பயிற்சி. முறைப்புக்குப் பின்னால் வேலை இருந்தது. எங்கள் கிளியின் பிதுக்கிய உதட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அடுத்த விடையைத் தொட்டால் அது மறந்துவிடும். அதைத்தான் அந்தப் பிள்ளை, "கோச்சுக்காது" என்று சரியாக மொழிபெயர்த்தாள்.

திரையைவிட ரோபோ இன்னும் ஒட்டுதலாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கென்னடி, பால் பாக்ஸ்டர், டோனி பெல்பாமே ஆகியோர் நாவோ என்ற சின்ன மனித உருவ ரோபோவை வைத்துப் பிள்ளைகளுக்குப் பகா எண்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ரோபோ கண் பார்த்து, பெயர் சொல்லி, கைவீசிப் பேசும். இன்னொன்று அந்த நளினமெல்லாம் இல்லாதது. 2015இல் வந்த முடிவில், நளினமில்லாத ரோபோவிடம் படித்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். அளவுக்கு மீறி முயன்ற ரோபோ என்றே கட்டுரைக்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் கணக்கைப் பார்ப்பதற்குப் பதில் ரோபோவைப் பார்த்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்காமல் நாதஸ்வரத்தின் பின்னாலேயே போவோமே, அந்த மாதிரி.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. மெம்ஃபிஸ் குழுவின் ஆட்டோடியூட்டரில் ஆதரவாகப் பேசும் வடிவம் ஒன்று செய்தார்கள். மாணவர் சோர்ந்தால் தட்டிக்கொடுக்கும், குழம்பினால் இது இயல்புதான் என்று சொல்லும். முன்னறிவு குறைந்த மாணவர்களுக்கு அது உதவியது. அதுவும் முதல் பாடத்தில் இல்லை, இரண்டாவது பாடத்தில். விஷயம் தெரிந்த மாணவர்களுக்கு அந்தத் தட்டிக்கொடுத்தல் பயன்படவில்லை. அதாவது ஆறுதல் தேவைப்படும்போது, தேவைப்படுபவருக்கு. நம் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்கள், ஆனால் எப்போது, யாருக்கு என்று அளந்து காட்ட ஆய்வுதான் வேண்டியிருக்கிறது.

இனி என் பழைய தொழில் சம்பந்தப்பட்ட ஒரு ஆதங்கம், மொழி. ஆங்கிலத்தில் நாற்பது பாராட்டு வரிகள் கொண்ட எக்செல் தாள் வரும். பக்கத்துக் கட்டத்தில் தமிழ் எழுத வேண்டும். 'மிக்க நன்று', 'அற்புதமான செயல்', 'நீங்கள் சிறப்பாகச் செய்தீர்கள்' என்று எழுதினால் சரிபார்ப்பவர் ஒப்புதல் கொடுத்துவிடுவார். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் யார் 'நீங்கள் சிறப்பாகச் செய்தீர்கள்' என்று பேசுகிறார்கள்? தூர்தர்ஷன் செய்தி வாசிப்பவர்கூட வீட்டில் அப்படிப் பேசமாட்டார். எழுத்துத் தமிழில் தகவல் சொல்லலாம், அன்பு சொல்வது கஷ்டம். அன்பு பேச்சில்தான் இருக்கிறது. 'அட!', 'சபாஷ்', 'அப்படிப் போடு', 'பரவால்லடா, அடுத்ததுல பாத்துக்கலாம்'. எந்த ஊர்ப் பேச்சு என்ற சண்டை உடனே வரும். மதுரைப் பிள்ளையிடமும் யாழ்ப்பாணப் பிள்ளையிடமும் ஒரே 'டா' போட முடியாது. பயந்துபோய் எல்லோரும் செய்தித் தமிழுக்கே ஓடிவிடுகிறார்கள், அல்லது 'சூப்பர்' என்று முடித்துவிடுகிறார்கள். 'சூப்பர்' மட்டும் எல்லா ஊரிலும் செல்லுபடியாகிறது, ஆகவே அதற்கு எந்த ஊரிலும் மதிப்பில்லை.

நம் மொழியில் கொஞ்சம் ஒழுங்காக வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கூகுள் 2019இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் கொண்டுவந்து, 2020இல் ரீட் அலாங் என்று பெயர் மாற்றிய வாசிப்பு ஆப்பில் தமிழும் உண்டு. தியா என்ற பெண் உருவம் உட்கார்ந்து பிள்ளை சத்தம் போட்டு வாசிப்பதைக் கேட்கும். தடுக்கிய சொல்லைத் தொட்டால் தானே சொல்லிக்காட்டும். பாராட்டும் நட்சத்திரமும் இதிலும் உண்டுதான். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு சொல்லை வாசித்த வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, நான்கு பொத்தானில் ஒன்றை அமுக்கியதோடு அல்ல. ஒண்ணொண்ணாக அமுக்கி ஒரு பத்தியை வாசித்துவிட முடியாதே.

இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் கான் அகாடமி 2023 மார்ச்சில் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவை வைத்துக் கான்மிகோ என்ற பயிற்றுநரைக் கொண்டுவந்தது, விடையை நேரே சொல்லாமல் கேள்வி கேட்டு நகர்த்த முயலும் வகை. இந்த இனத்தால் 35 எங்கிருந்து வந்தது என்று பிள்ளையோடு பேசிப் பார்க்க முடியும், கிளியால் முடியாதது அது. கூடவே ஒரு நோயும் வந்திருக்கிறது, எதிராளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் சுபாவம். "அருமையான கேள்வி!" என்று எல்லாக் கேள்விக்கும் சொல்லும். சரியான விடையைச் சொன்ன பிறகும் "இல்லையே, 35தானே?" என்று அழுத்திக் கேட்டால் சில நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்வாங்கும். முகஸ்துதி செய்யும் ஆசிரியர் என்பது நம் கல்வி வரலாற்றிலேயே புது வரவு. திட்டும் ஆசிரியரைத்தான் நாம் இதுவரை பார்த்திருக்கிறோம்.

குற்றவுணர்வைத் தூண்டுவதும் உணர்வுப் பின்னூட்டத்தில் சேர்த்தி. மொழி கற்றுத்தரும் ஆப்பான டூயோலிங்கோவின் பச்சை ஆந்தை, பாடத்துக்கு வராதவர்களுக்கு அழுமூஞ்சியோடு நினைவூட்டல் அனுப்புவது உலகப் பகடியே ஆகிவிட்டது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவோம். ஆறு வயதுப் பிள்ளை, தான் வராததால் ஆந்தை அழுகிறது என்றே நம்பும்.

கேமரா விஷயத்துக்குச் சட்டமும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கல்வி நிலையங்களில் முகம், குரல் போன்ற உடல்சார் தரவுகளை வைத்து உணர்வை ஊகிக்கும் கருவிகளைத் தடை செய்கிறது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறை. விடை தொட எத்தனை நொடி ஆனது என்று பார்ப்பது இந்தத் தடையில் வராது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் தடை போடுகிறது, அரசு விலக்கு கொடுக்கும் இடங்கள் தவிர. ஆப்பை நிறுவும்போது கேமராவுக்கு அனுமதி கேட்டால், கணக்குப் போட முகம் எதற்கு என்று நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஆப் தேறுமா என்று பார்க்க நான் இப்போது செய்வது இதுதான். பிள்ளை கையில் கொடுக்கும் முன் நானே உட்கார்ந்து வேண்டுமென்றே 35 என்று தொடுவேன். என்ன சொல்கிறது? அடுத்த கணக்கிலும் அதே விதத்தில் தப்புச் செய்வேன். அப்போதாவது ஏதாவது மாறுகிறதா? பிறகு எல்லா விடையையும் வரிசையாக அமுக்குவேன். அதற்கும் ஜீனியஸ் பட்டம் கிடைத்தால் ஆப்பைத் தூக்கிவிடுவேன். கடைசியாக, பாராட்டுச் சத்தத்தை மட்டும் நிறுத்திவைக்க வழி இருக்கிறதா என்று அமைப்பில் தேடுவேன். பெரும்பாலும் இருக்காது.

எங்கள் கிளியிலும் இல்லை. அதனால் அன்றைக்கு டேபை ஓரமாக வைத்துவிட்டு ஐஸ் குச்சிகளை எடுத்தோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி. "இதுலேர்ந்து எனக்கு இருபத்தேழு குடு." இரண்டு கட்டைத் தள்ளினாள். தனிக்குச்சி இரண்டையும் தள்ளினாள். இன்னும் ஐந்து வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. புருவம் நெரிந்தது, நாக்கு கடைவாய்க்குப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டை எடுத்து, "இதைப் பிரிக்கலாமா சித்தி?" என்றாள்.

"பிரிச்சுக்கோ."

ரப்பர் பேண்டைக் கழற்றி எங்கேயோ எறிந்தாள். ஐந்தை எண்ணி என்னிடம் கொடுத்தாள். மிச்சத்தை இரண்டு தடவை எண்ணினாள். பிறகு டேபை இழுத்து 25ஐத் தொட்டுவிட்டு, குச்சிகளை வாரிக்கொண்டு தம்பியிடம் காட்ட ஓடினாள். கிளி சிறகைத் தட்டி, "சூப்பர்! நீ ஒரு ஜீனியஸ்!" என்று நாற்காலியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.